கிர்க்கூக்: எண்ணெய் ஊற்றும் ஏறியிறங்கிய கொடிகளும்

இராக் நாட்டில், பாக்தாத் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் கிர்க்கூக் என்னும் பழம்பதி ஒன்று உளது. அதன் அருகே பாபா குர்குர் என்னும் இடத்தில் நிலத்தின் வெடிப்புகளினூடே ஆவி கசிந்து, இரவும் பகலும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். கண்டோர் அதனை அற்புதமென்று போற்றினர். அந்நெருப்பின் அடியில் கிடந்த பொருளுக்காக ஒரு நூற்றாண்டுக் காலம் எத்தனை கொடிகள் ஏறின, எத்தனை இறங்கின என்பதை இயன்ற அளவு சுருக்கி அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

அந்நாடு நமக்கு முற்றிலும் அயலானதன்று. முதல் உலகப் போரில், மெஸபடோமியா என்று அந்நாள் வழங்கிய அப்பகுதியில் துருக்கியரை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் படையில் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்களே. மதராஸ் ஸாப்பர்ஸ் படையினராகிய நம் தென்னாட்டாரும் அப்போர்முனைக்குச் சென்றனர். 1917-ம் ஆண்டு மார்ச்சு மாதம் பாக்தாத் வீழ்ந்தது. இருப்புப் பாதை அலுவலகத்தில் எழுதுகோல் பிடிக்கும் நாம் இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. படைகளுக்காக அங்கே பாதை போட்டபோது தண்டவாளமும் எஞ்சினும் நம் நாட்டிலிருந்தே கப்பலேறின. இன்று நம்மிடையே அநேகமாய் மறைந்துவிட்ட மீட்டர் கேஜ் பாதை 1925-ல் கிர்க்கூக் நகரை எட்டியது. 1932-ல் தினார் நாணயம் வரும்வரை அந்நாட்டில் செலாவணியாய் இருந்ததும் நம் ரூபாயே.

போர் முடிந்ததும், கிர்க்கூக் அடங்கிய மோசூல் மாகாணம் யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. துருக்கி தனக்கென்றது, பிரிட்டன், தான் புதிதாய் அமைத்த இராக் இராச்சியத்துக்கென்றது. லோசான் மாநாட்டில் பிரிட்டனுக்காக வாதாடியவர் வங்கத்தைக் கூறுபோட்ட அதே கர்ஸன் பிரபு. எண்ணெய்க்கும் தம் வாதத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லையென்று அவர் சாதித்தார். கேட்டவர் எத்துணைப் பேர் நம்பினரோ! 1925-ம் ஆண்டு டிசம்பரில் சர்வதேச சங்கம் இராக்கின் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு உடன்படிக்கையில் துருக்கிக்கு 25 ஆண்டுகளுக்கு எண்ணெய் வருவாயில் நூற்றுக்குப் பத்து என்று விதிக்கப்பட்டது. தொடர்பே இல்லாத எண்ணெய், உடன்படிக்கையில் மட்டும் எங்ஙனம் வந்து புகுந்ததோ!

1927-ம் ஆண்டு அக்டோபர் 14-ம் நாள் விடியுமுன் பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 95,000 பீப்பாய் வீதம் பொங்கி வழிந்த அதனை அடக்கப் பத்து நாள் வரை ஆயிற்று. பின்னர் இராக் பெட்ரோலியம் கம்பெனி என்று பெயர் கொண்ட நிறுவனத்தின் பங்குகளைப் பாருங்கள்: பிரிட்டன், ஹாலந்து, பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகளின் எண்ணெய் நிறுவனங்கள் நான்கு பங்காளிகளாய் நின்று, ஒவ்வொன்றும் நூற்றுக்கு 23¾ எடுத்துக்கொண்டன. பேரம் பேசி முடித்த குல்பென்கியன் என்னும் ஆர்மீனியத் தரகருக்கு 5. மண்ணுக்குரிய இராக்குக்கு ஒரு பங்கும் இல்லை; டன்னுக்கு நான்கு பொன் ஷில்லிங் கொடுத்து அதன் வாயை அடைத்தனர். 1935-ல் குழாய்கள் திறக்கப்பட, எண்ணெய் பாலைவனம் கடந்து ஹைபா, திரிபோலி துறைமுகங்களுக்கு ஓடியது.

ஊரார்க்குக் கிடைத்தது என்ன? எண்ணெய்க் கிணற்றிலே கூலி வேலை. 1946-ம் ஆண்டு ஜூலை மாதம், கூலி உயர்வும் குடியிருப்பும் வேண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். காவூர்பாகி என்னும் தோட்டத்தில் கூடியிருந்தவர்கள்மீது 12-ம் நாள் போலீசார் சுட்டனர். பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டனர். அக்கூட்டத்தில் குர்தியர், துருக்மானியர், அராபியர், அஸீரியர் என்று எல்லாரும் கலந்தே நின்றனர் என்பதை அன்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் வந்த ஆட்சி மாற்றங்களை விரித்தால் மலரில் இடம் போதாது. 1958 ஜூலை 14-ல் அரசர் இரண்டாம் பைசல் கொல்லப்பட்டு, காசிம் என்னும் தளபதி ஆட்சிக்கு வந்தார். அதன் முதலாண்டு விழாவன்றே கிர்க்கூக் வீதிகளில் துருக்மானியர் பலர் படுகொலையாயினர். 1963-ல் காசிமும் சுடப்பட்டார். அவ்வாண்டிலேயே பாத் கட்சி ஏறிற்று, இறங்கிற்று. 1968-ல் மீண்டும் ஏறிற்று. 1972 ஜூன் முதல் நாள் அக்கட்சியின் அரசு கம்பெனியை நாட்டுடைமை ஆக்கியது. நெடுநாள் அநீதி ஒன்று தீர்ந்ததென்றே நாம் கருதுகின்றோம். ஆயின் எண்ணெய் நாட்டுக்குச் சொந்தமானபின், எண்ணெய் கிடக்கும் ஊர் எந்த இனத்துக்குச் சொந்தம் என்ற வினா முன்னினும் கொடிதாயிற்று.

1957-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரத்தில் துருக்மானியர் 45,000-க்கு மேல், குர்தியர் 40,000, அராபியர் 27,000. இந்தக் கணக்கை மாற்றுவதே அரசின் வேலையாயிற்று. 1976-ல் மாகாணத்தின் பெயரையே 'நாட்டுடைமை' என்று பொருள்படும் தாமீம் என்று மாற்றி, குர்தியர் மிகுந்த வட்டங்களை வெட்டி அண்டை மாகாணங்களில் சேர்த்தனர். தென்பகுதி அராபியக் குடும்பங்களைப் பதினாயிரம் தினார் மானியம் தந்து குடியேற்றினர். 1988-ல் 'அன்பால்' என்னும் படையெடுப்பில் சுற்றுப்புறக் குர்து ஊர்கள் தரைமட்டமாயின. 1990-க்குப் பின்னரோ, துப்பாக்கி வேண்டிய இடத்தில் ஒரு படிவமே போதுமாயிற்று. 'இனத் திருத்த' விண்ணப்பத்தில் தாம் அராபியரென்று கையொப்பமிட மறுத்த குர்தியரும் துருக்மானியரும் வீடும் வேலையும் இழந்து வெளியேற்றப்பட்டனர். நாள்தோறும் படிவங்களோடு உழலும் நமக்கு, ஒரு கட்டத்தில் எழுதும் சொல்லால் குடும்பமே ஊர் துறக்கும் என்பதைப் படிக்கையில் நெஞ்சு பதைக்கின்றது.

2003 ஏப்ரலில் சதாம் உசேன் ஆட்சி வீழ்ந்து, குர்துப் படையினர் நகருள் புகுந்தனர். துரத்தப்பட்டோர் திரும்பினர். பதினாயிரம் தினாருக்கு வந்த அராபியர், இம்முறை இருபது மில்லியன் தினார் பெற்றுக்கொண்டு பிறந்த ஊர் செல்லுமாறு கேட்கப்பட்டனர். அவர்களும் ஏழைகளே, அவர்தம் பிள்ளைகள் பலர்க்குக் கிர்க்கூக்கைத் தவிர வேறு ஊர் தெரியாது. பிழைக்க வந்த ஊரிலேயே பிள்ளைகளை வளர்க்கும் நம் போன்றோர்க்கு அவர்கள் நிலை விளங்காமல் இராது.

2005-ம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 140-வது பிரிவு, கணக்கெடுப்பும் மக்கள் வாக்கும் 2007 முடியுமுன் நடந்தாக வேண்டுமென்றது, நடக்கவில்லை. 2014 ஜூனில் ஐ.எஸ். கூட்டத்துக்கு அஞ்சி இராக்கியப் படை ஓட, குர்தியர் நகரை முழுதும் கைக்கொண்டனர். 2017 அக்டோபர் 16-ல் பாக்தாத் அரசு அதனை மீட்டது. 2025-ல் கிர்க்கூக் எண்ணெய் வயல்களைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் பி.பி. நிறுவனத்துக்குத் தரப்பட்டது. பழைய நான்கு பங்காளிகளுள் ஒன்றின் இன்றைய பெயரே அது!

பலகாலம் தள்ளிப்போன கணக்கெடுப்பும் 2024 நவம்பரில் நாடெங்கும் நடந்தேறியது. வீடு வீடாய் வந்தவர்கள் வயது, கல்வி, தொழில் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டனர். இனம் யாதென்னும் கட்டம் மட்டும் அப்படிவத்தில் இல்லை.