பாதியில் நின்ற தொடர்: ‘அலீஜியண்ட்’ படத்தின் வீழ்ச்சி

2016 மார்ச்சில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘அலீஜியண்ட்’, முதல் வார இறுதியில் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் டாலர் ஈட்டியது. அதற்கு முந்தைய பாகமான ‘இன்சர்ஜென்ட்’ ஓராண்டுக்கு முன் அதே மூன்று நாள்களில் 5 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பதின்பருவத்தினருக்கான டிஸ்டோபியாக் கதைகளின் அலை ஓய்ந்துவிட்டதற்கு இச்சரிவையே சான்றாகக் காட்டுவோர் உண்டு. அலை ஓய்ந்தது உண்மையே. ஆயினும் இப்படம் தோற்றதற்கான வித்து 2014 ஏப்ரலிலேயே ஊன்றப்பட்டுவிட்டது. தொடரின் கடைசி நாவலை இரண்டு படங்களாகப் பிரிக்கப்போவதாக லயன்ஸ்கேட் நிறுவனம் அறிவித்தது அப்போதுதான். முதற்படம் வெளியாகி அன்றைக்கு ஒரு மாதம்கூட நிறையவில்லை.

வெரோனிகா ராத் கல்லூரி மாணவியாக இருந்தபோதே எழுதிய ‘டைவர்ஜென்ட்’ 2011-இல் வெளிவந்தது. மதில் சூழ்ந்த சிகாகோ நகரில் மக்கள் ஐந்து பிரிவினராக வாழ்கின்றனர். பதினாறு வயதில் ஒவ்வொருவரும் ஊரறியத் தம் பிரிவைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தன்னலம் மறுப்போர் குடியில் பிறந்த டிரிஸ், அஞ்சாதோர் பிரிவைத் தேர்கிறாள். பிறந்த வீட்டைத் துறந்து வேறொருத்தியாக மாறும் அந்த ஒரு கணத்தின் அச்சமே இளம் வாசகர்களைப் பற்றிக்கொண்டது. மற்றவை அதைச் சுற்றி எழுப்பப்பட்ட சாரம் என்றே சொல்லலாம்.

2013 அக்டோபரில் வந்த மூன்றாம் நாவல் அந்தச் சாரத்தையே பிரித்துப்போட்டது. மதிலுக்கு வெளியே, பழைய ஓஹேர் விமான நிலைய வளாகத்தில், மரபணு நலப் பணியகம் ஒன்று இயங்குகிறது. சிகாகோ முழுவதுமே அதன் சோதனைக்களம். மனிதர்கள் தூய மரபணு உடையோர், பழுதுற்ற மரபணு உடையோர் எனப் பகுக்கப்பட்டுள்ளனர். இனமேம்பாட்டுக் கொள்கையின் பெயரால் கட்டாயக் கருத்தடையைத் தன் உச்ச நீதிமன்றமே 1927-இல் ஏற்ற நாடு அமெரிக்கா. அந்த நாட்டில் இது கனமான கரு. நாவலும் இப்பகுப்பைப் பொய்யென்றே காட்ட முற்படுகிறது. ஆனால் விளக்கங்களிலேயே பக்கங்கள் கரைகின்றன. தேர்வைப் பற்றிய கதை பிறப்பைப் பற்றியதாகத் திரும்பியதை வாசகர் பலர் விரும்பவில்லை.

அதனினும் பெரிய சினம் முடிவின்மீது எழுந்தது. சாவை நோக்கிச் செல்லவிருந்த தமையனை விலக்கிவிட்டு டிரிஸ் தானே ஆய்வுக்கூடத்திற்குள் நுழைகிறாள், சுடப்பட்டு இறக்கிறாள். அதுவரை அவள் குரலில் மட்டுமே சென்ற தொடரில் கடைசி நூலுக்கு மட்டும் ஏன் இரண்டு கதைசொல்லிகள் என்பது அங்கேதான் விளங்குகிறது. எதிர்ப்பு கடுமையாக இருந்தமையால், அம்முடிவை விளக்கி ராத் தம் வலைப்பதிவில் எழுத நேர்ந்தது. குறைகள் பல உள்ள நூலே எனினும், தன்னலமறுப்பில் தொடங்கிய வாழ்வை அதே தன்னலமறுப்பில் கொண்டு முடித்த துணிவை அதற்கு மறுக்க இயலாது.

கடைசி நூலைப் பிளக்கும் வழக்கம் ‘ஹாரி பாட்டர்’ தொடரில் 2010-இலும் 2011-இலும் பெருவெற்றி பெற்றது. அந்நூல் 600 பக்கங்களைக் கடந்தது; பிளவுக்கு ஒரு நியாயமாவது இருந்தது. ‘ட்வைலைட்’ அதைப் பின்பற்றியது. பிறகு ‘ஹங்கர் கேம்ஸ்’. இந்தக் கடைசித் தொடரின் கணக்கே ஓர் எச்சரிக்கையாக இருந்தது. இரண்டாம் படம் உலகெங்கும் ஏறத்தாழ 86 கோடி டாலர் ஈட்ட, பிளக்கப்பட்ட இறுதி நூலின் முதற்பாதி 75 கோடியிலும் மறுபாதி 65 கோடியிலும் நின்றன. அந்த மறுபாதி திரைக்கு வந்த 2015 நவம்பரில் ‘அலீஜியண்ட்’ படப்பிடிப்பே முடிந்துவிட்டிருந்தது.

பாதிக் கதைக்கு முழுப்படத்தின் உச்சக்காட்சி தேவைப்பட்டது. எனவே நாவலின் இறுதிக்குரிய நினைவழிப்புத் திட்டம் முன்னுக்கு இழுக்கப்பட்டு, சிகாகோமீது ஏவப்படும் வாயுத் தாக்குதலாக மாறியது. டிரிஸ் அதைத் தடுக்கிறாள், படம் முடிகிறது. மரணமோ அடுத்த படத்திற்கென ஒதுக்கப்பட்டது. சுமார் 11 கோடி டாலர் செலவில் உருவான இப்படம் உலகெங்கும் ஏறத்தாழ 18 கோடி வசூலித்தது. வசூலில் பாதிக்கு அருகிலான தொகை திரையரங்குகளுக்கே போய்விடும் என்பதால், செலவிட்ட பணமே கைக்கு மீளவில்லை.

2017 ஜூனில் வரவிருந்த ‘அசெண்டண்ட்’ தொலைக்காட்சிப் படமாகச் சுருக்கப்படும் என்ற செய்தி 2016 ஜூலையில் வெளிவந்தது. டிரிஸாக நடித்த ஷேலீன் உட்லி அதில் நடிக்க விரும்பவில்லை. 2018 இறுதியில் அத்திட்டமும் கைவிடப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் வந்த ‘மேஸ் ரன்னர்’ தொடரோ தன் மூன்றாம் நாவலைப் பிளக்காமல் 2018-இல் ஒரே படமாக எடுத்து நிறைவுற்றது.

2013-இல் அத்தனை வாசகரைக் கொதிக்கவைத்த அந்த ஆய்வுக்கூடக் காட்சி இன்றுவரை படமாக்கப்படவில்லை. திரையை மட்டும் கண்டவர்களுக்கு டிரிஸ் உயிரோடுதான் இருக்கிறாள்.