கவுன்சிலர் இல்லாத ஐந்து வருடங்கள்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துவிட்டு ஈரடுக்காகக் கட்டி 2023 ஜூனில் திறந்தார்கள். அதுவரை டவுன் பஸ்கள் போஸ் மைதானத்தில் நின்றன. திறந்து சில மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். அம்மா மேல்தளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கட்டியிருக்காங்க சாமி. இப்படிக் கட்டலாம்னு யாரு முடிவு பண்ணது?" என்றார்.

"ஸ்மார்ட் சிட்டிம்மா."

"அது யாரு?"

சிரித்துவிட்டேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை என்னிடம் சரியான பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடியதில் வந்தது.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தை மத்திய அரசு 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. இலக்கு 100 நகரங்கள். தேர்வாகும் நகரத்துக்கு ஐந்து ஆண்டுகளில் மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை தரும், அதே அளவை மாநிலமும் உள்ளாட்சியும் சேர்ந்து போட வேண்டும். நகரங்கள் போட்டி போட்டுத்தான் உள்ளே வர முடியும். 2016 ஜனவரியில் வந்த முதல் பட்டியலில் சென்னையும் கோவையும் இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் மதுரை, தஞ்சாவூர், வேலூரோடு சேலமும் சேர்ந்தது.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் கவனிக்காமல் விட்டது, இந்த வேலைகளை யார் செய்வது என்ற விதி. ஒவ்வொரு நகரமும் இதற்கென ஒரு தனி நிறுவனம் தொடங்க வேண்டும். கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனம், பங்குகள் மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் சரிபாதி, மேலே ஒரு தலைமைச் செயல் அதிகாரி. இந்தத் திட்டம் சம்பந்தப்பட்ட அளவில் மாநகராட்சி மன்றத்தின் அதிகாரங்களை அந்த நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்க வழிகாட்டு நெறிமுறையே ஊக்கம் தருகிறது. வேலை சீக்கிரம் நடக்கணும், கவுன்சிலர்கள் கூடிப் பேசினால் இழுத்தடிக்கும் என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள எண்ணம்.

சேலத்தில் அந்தக் கவலைகூடத் தேவைப்படவில்லை. பட்டியல் வந்த அடுத்த மாதமே உள்ளாட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். 2016 அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அந்த மாதக் கடைசியில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. ஐந்து வருடத்துக்கும் மேல், எட்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இருக்கிற மாநகராட்சியின் 60 வார்டுகளில் ஒன்றுக்குக்கூடக் கவுன்சிலர் இல்லை. சேலம் ஸ்மார்ட் ஆனது பெரும்பாலும் அந்த ஐந்து வருடத்தில்தான். பழைய பஸ் ஸ்டாண்டை இடித்தபோது, "ஏன்?" என்று எழுந்து நின்று கேட்க மன்றத்தில் யாரும் இல்லை. மன்றமே இல்லை.

இது எவ்வளவு பெரிய பின்னடைவு என்று புரிய கொஞ்சம் பின்னால் போகணும். சேலம் நகராட்சி 1866-இல் உருவானது. அன்று உறுப்பினர்கள் எல்லாம் நியமனம். அரசாங்கம் கைகாட்டும் ஆள்தான் ஊருக்காகப் பேசுவார். தேர்தல் பிறகு மெதுவாக வந்தது, அப்போதும் வரி கட்டும் சிலருக்கு மட்டுமே ஓட்டு. 1917-இலிருந்து 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர் இங்கே வக்கீலாக இருந்த ராஜாஜி. அவர் காலத்தில்தான் சேலம் நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வந்தார். அரை நூற்றாண்டு பிடித்தது அந்த ஒரு நாற்காலிக்கு. எல்லோருக்கும் ஓட்டு சுதந்திரத்துக்குப் பிறகு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று அரசியலமைப்பிலேயே எழுதியது 74-வது திருத்தம், 1992-இல். ஒவ்வொரு படியும் தள்ளுமுள்ளில் ஏறியது. 2016-இல் சத்தமே இல்லாமல் ஏறக்குறைய 1866-க்கே இறங்கி வந்தோம். பெரிய போராட்டம் எதுவும் ஊரில் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் ஒன்றும் செய்யவில்லை.

செய்யாதது மட்டுமில்லை. அந்த வருடங்களில் வேறு மாநிலத்து நகரம் ஒன்றுக்காகப் புகார் செயலி எழுதிய குழுவில் நானும் இருந்தேன். புகாருக்கு 'தீர்ந்தது' என்று பதில் போட்டு, புகார் கொடுத்தவர் ஏழு நாள் எதுவும் சொல்லாவிட்டால் அது தானாக மூடிக்கொள்ளும். அந்த வரியை எழுதியது நான்தான். டாஷ்போர்டில் பச்சை ஏறிக்கொண்டே போனது. அம்மாவிடம் ஒருநாள் பெருமையாக விளக்கினேன். "மூடிட்டா தண்ணி வடிஞ்சிடுமா?" என்றார். கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து சண்டை போட்ட தலைமுறை அது. அந்தச் சண்டைக்கு என் டேட்டாபேஸில் காலம் கிடையாது.

கவுன்சிலர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. கமிஷன் கதைகள் நமக்கும் தெரியும். ஆனால் திட்டிவிட்டு அடுத்த தேர்தலில் மாற்றலாம். ஒரு நிறுவனத்தின் செயல் அதிகாரியை எந்த ஓட்டால் மாற்றுவது?

சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் நாமக்கல். லாரி பாடி கட்டும் பட்டறைகளும் முட்டையும்தான் அந்த ஊருக்கு அடையாளம். ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் அதன் பெயர் கிடையாது. ஆனால் 2000-களின் தொடக்கத்திலேயே, அன்றைக்கு நகராட்சியாக இருந்த நாமக்கல், வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரித்து வாங்கி, 'குப்பையில்லா நகரம்' என்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. சென்சார் இல்லை, கட்டுப்பாட்டு மையம் இல்லை. தெருவுக்கு ஒரு தள்ளுவண்டி, காலையில் விசில். அன்று அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது. வண்டி வராத தெருக்காரர் யாரிடம் போய்க் கேட்கணும் என்று அவருக்குத் தெரியும்.

2022-க்குப் பிறகு கவுன்சிலர்கள் வந்துவிட்டார்கள். வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்கத் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச் 31-உடன் முடிந்தது. கட்டடங்கள் நிற்கின்றன, பஸ் ஸ்டாண்டு பயன்படுகிறது, அதில் எனக்குப் புகார் இல்லை. அடுத்த திட்டம் வேறு பெயரில் வரும், அதற்கும் ஒரு செயலி வரும், என்னைப் போல யாராவது எழுதுவார்கள்.

போன முறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் பகுதி சபை பற்றிச் சொன்னேன். கூட்டம் எப்போது, எங்கே என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். "சும்மா சொல்லிட்டுப் போயிராத, வர்றப்ப நீயும் வா" என்றார்.