ராணுவ வீரர்களுக்கு ‘அத்லெட்டிக் டிரெய்னர்’: அமெரிக்காவில் இந்த வேலைக்கு என்ன படிக்கணும்? யாரெல்லாம் சேர முடியும்?

ராணுவத்தில் ‘டிரெய்னர்’ என்றதும் நம்ம கண்ணு முன்னாடி வருவது, விசிலை வாயில் வைத்துக்கொண்டு ‘ஓடு, ஓடு’ என்று கத்தும் ஆள்தான். ஆனால் அமெரிக்க ராணுவ முகாம்களில் ‘அத்லெட்டிக் டிரெய்னர்’ என்ற பெயரில் வேலை பார்ப்பவர் பெரும்பாலும் செய்வது அதற்கு நேர் எதிரான வேலை. ‘நீ இன்னைக்கு ஓடக்கூடாது’ என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

பெயரில் டிரெய்னர் இருந்தாலும் இது ஜிம் கோச் வேலை கிடையாது, மருத்துவத் துறை சார்ந்த வேலை. இதை ஒரு மருத்துவத் துணைத் தொழிலாக அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-லேயே அங்கீகரித்துவிட்டது. காயத்தைத் தடுப்பது, காயம் பட்டால் சோதித்துப் பார்ப்பது, முதலுதவி, மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என எல்லாமே இவர் பொறுப்பு. அதுவும் ஒரு டாக்டரின் வழிகாட்டுதலில்தான் செய்ய வேண்டும்.

ராணுவத்துக்கு இவர் எதற்கு?

அமெரிக்க ராணுவத்தில் வீரர்களைப் பணிக்கு லாயக்கில்லாமல் ஆக்குவதில் முதலிடம் தோட்டாவுக்கு இல்லை. முழங்கால், கணுக்கால், இடுப்பு என தசை, எலும்பு, மூட்டுகளில் வரும் காயங்களுக்குத்தான். காலாட்படையில் திறன் பேட்ஜ் வாங்கும் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் சுமார் 16 கிலோ சுமையோடு, துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு, சுமார் 19 கிலோமீட்டரை 3 மணி நேரத்துக்குள் நடந்து முடிக்கணும். உடம்பு பழகுவதற்குள் இப்படிச் சுமை ஏறினால், கால் எலும்பில் மயிரிழை போல விரிசல் விழும். புதிதாகச் சேரும் பெண் வீரர்களுக்கு இந்த விரிசல் ஆண்களைவிட அதிகம் வருகிறது.

சிக்கல் என்னன்னா, வலிக்குது என்று வீரர்கள் வாயைத் திறப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஓய்வுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், பயிற்சியில் பின்தங்கிவிடுவோம், கூட இருக்கிறவன் கிண்டல் பண்ணுவான் என்ற பயம். சின்ன விரிசல் முழு முறிவாக ஆவது இப்படித்தான். அதனால்தான் ஆஸ்பத்திரியில் உட்கார வைக்காமல், பயிற்சி மைதானத்திலேயே இவர்களை நிறுத்துகிறது ராணுவம். மரைன் படையில் புது வீரர்களுக்கான பயிற்சி முகாம்களில் இவர்கள் இருக்கிறார்கள். தரைப்படையில் ‘எச்2எஃப்’ என்ற முழு ஆரோக்கியத் திட்டத்தின் கீழ், படைப்பிரிவுக் குழுக்களில் பிசியோதெரபிஸ்ட், உணவு ஆலோசகர், உடல்வலுப் பயிற்சியாளர் ஆகியோருடன் சேர்ந்து வேலை செய்கிறார்கள். இந்தத் திட்டத்தின் கையேடு 2020 அக்டோபரில் வெளியானது. சிறப்புப் படைகளுக்குத் தனித் திட்டம் இருக்கிறது.

சரி, என்ன படிக்கணும்?

முன்பெல்லாம் இளநிலைப் பட்டமே போதும். இப்போது குறைந்தபட்சம் முதுநிலைப் பட்டம் வேணும். இந்த மாற்றம் 2015-ல் முடிவானது. 2022 இலையுதிர் பருவத்துக்குப் பிறகு இளநிலைப் படிப்புகளில் புது மாணவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு இளநிலை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்குப் பாதிப்பில்லை, அவர்கள் அப்படியே தொடரலாம்.

முதுநிலையில் சேர இளநிலையில் உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் படித்திருக்க வேண்டும். படிப்பு பொதுவாக 2 வருஷம். அதற்குள் குறைந்தது 4 வாரம் வேறு எந்த வகுப்பும் இல்லாமல் முழுநேரமாகக் களத்தில் பயிற்சி எடுக்கணும். முக்கியமான விஷயம், கல்லூரி பெரிய பெயர் பெற்றதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்புக்கு ‘கேட்’ எனப்படும் அங்கீகார ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கணும். அது இல்லாவிட்டால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள்.

அந்தத் தேர்வை நடத்துவது ‘பிஓசி’ என்ற சான்றளிப்பு வாரியம். 175 கேள்விகள், 4 மணி நேரம். பாஸ் செய்தால் பெயருக்குப் பின்னால் ‘ஏடிசி’ என்று போட்டுக்கொள்ளலாம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2 வருஷத்துக்கு ஒருமுறை 50 யூனிட் தொடர் கல்வியைக் காட்டணும், இதய அவசர சிகிச்சைச் சான்றிதழும் காலாவதியாகாமல் இருக்கணும்.

லைசென்ஸில் ஒரு விசித்திரம்

சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. லைசென்ஸ் கொடுப்பது மாநில அரசு. அமெரிக்காவில் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தச் சட்டமே இல்லாத ஒரே மாநிலம் கலிபோர்னியா. ஆனால் பென்டில்டன் மரைன் முகாம், சான் டியாகோ பயிற்சி முகாம், ‘நேவி சீல்’ வீரர்கள் பயிற்சி எடுக்கும் கொரொனாடோ என முக்கியமான இடங்கள் பல இருப்பது அங்கேதான்! உள்ளூரில் லைசென்ஸ் இல்லையே என்று ராணுவம் விட்டுவிடுவதில்லை. வேறு ஏதாவது ஒரு மாநிலத்தின் லைசென்ஸைக் காட்டச் சொல்வது வழக்கம். மற்ற இடங்களிலும் மத்திய அரசு முகாம் என்பதால், எந்த மாநில லைசென்ஸாக இருந்தாலும் பொதுவாக ஏற்கிறார்கள். அடிக்கடி ஊர் மாறுகிற ராணுவக் குடும்பத்தினருக்கு இது பெரிய உதவி.

சீருடை போடணுமா?

வேண்டாம். இவர்கள் பெரும்பாலும் சிவிலியன் ஊழியர்கள் அல்லது ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். பிசியோதெரபிஸ்ட் ராணுவத்தில் அதிகாரியாகவே சேரலாம். இந்த வேலைக்கு அப்படி ஒரு நேரடி வழி இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் கேள்விக்குறிதான் என்பது இதில் உள்ள குறை.

சீருடை இல்லாவிட்டாலும் பின்னணி விசாரணை உண்டு. சில பணியிடங்களுக்கு, குறிப்பாகச் சிறப்புப் படை சார்ந்தவற்றுக்கு, ரகசியப் பாதுகாப்பு அனுமதியும் கேட்பார்கள். சில வருஷ கள அனுபவம் கேட்பதும் சகஜம். கல்லூரி விளையாட்டு அணியில் வேலை பார்த்தவர்களுக்கு அது உதவும். உடல்வலுப் பயிற்சிக்கான ‘சிஎஸ்சிஎஸ்’ சான்றிதழ் இருந்தால் கூடுதல் பலம். ஆனால் அது மட்டும் வைத்துக்கொண்டு அத்லெட்டிக் டிரெய்னர் ஆக முடியாது. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன்?

வெயில் காலத்தில் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் பென்னிங் முகாமையோ, தென் கரோலினாவின் பாரிஸ் ஐலண்டையோ நினைத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த வீரர் திடீரென்று தடுமாறுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார். உடலின் உள்வெப்பம் 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் அது உடலுழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக். நெற்றியிலோ அக்குளிலோ தெர்மாமீட்டர் வைத்தால் சரியான அளவு தெரியாது, மலக்குடலில்தான் பார்க்க வேண்டும்.

பார்த்த உடனே ஆம்புலன்ஸில் ஏற்றுவதுதானே நமக்குத் தோன்றும்? இங்கே விதி வேறு. முதலில் குளிர்விக்கணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கணும். தொட்டி இல்லையா, ஐஸ் தண்ணீரில் நனைத்த போர்வைகளால் சுற்றணும். சுமார் 30 நிமிடத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக மிக அதிகம். வழியிலேயே அந்த நேரம் போய்விட்டால் சிறுநீரகம், கல்லீரல், மூளை என ஒவ்வொன்றாகப் பாதிக்கும். அந்த இடத்தில் ஒரு ஜிம் கோச் நின்றிருந்தால் போதாது. தேர்வில் ‘அவசர நிலையைக் கையாளுதல்’ ஒரு தனிப் பிரிவாகவே இருப்பது இதனால்தான்.

இந்தியர்கள் முயற்சிக்கலாமா?

இங்கே பிசியோதெரபி முடித்தவர்கள் அந்தப் பட்டத்தை வைத்து நேரடியாக பிஓசி தேர்வு எழுத முடியாது. கனடா, அயர்லாந்து போன்ற நாடுகளின் அமைப்புகளோடு பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் உண்டு, இந்தியாவோடு இல்லை. அதனால் அமெரிக்காவில் முதுநிலை படித்தே ஆகணும். படித்தாலும் பள்ளி, கல்லூரி, தொழில்முறை அணிகளில் வேலை தேடலாமே தவிர, ராணுவ முகாம் கஷ்டம். மத்திய அரசின் சிவிலியன் வேலைக்குப் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை வேணும். பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் ஒப்பந்த வேலைக்கும் அதே நிலைதான். ‘ராணுவத்தில் வேலை உறுதி’ என்று சொல்லி இந்தப் படிப்புக்கு அட்மிஷன் பிடிக்க யாராவது முன்பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் இரண்டைக் கேளுங்கள். படிப்புக்கு கேட் அங்கீகாரம் இருக்கிறதா? குடியுரிமை இல்லாதவருக்கு எந்த முகாம் வேலை கொடுக்கும்?