நுண்ணுயிருக்கு ஒரு வீடு



திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் வேர்க்கடலை, உளுந்து போடுகிறவர்கள் வேரில் சின்னச் சின்ன முண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நன்றாக வேலை செய்கிற முண்டு. அதற்குள் ரைசோபியம் என்னும் பாக்டீரியா குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. இதைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான். ஆனால் அதை உயிரோடு வயல் வரைக்கும் கொண்டு வருவது அதைவிடப் பெரும்பாடாக இருந்தது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

1888-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு பெய்ஜரிங்க் இந்த பாக்டீரியாவை முண்டிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில், பயறு செழித்த வயலின் மண்ணை அள்ளி வந்து புது வயலில் தூவியும் பார்த்தார்கள். பலன் இருந்தது. ஆனால் வண்டி வண்டியாக மண் சுமக்க யாரால் முடியும்? 1890-களில் ஜெர்மனியில் நோபே, ஹில்ட்னர் என்ற இருவர் பாக்டீரியாவைச் சீசாவில் வளர்த்து, 'நைட்ரஜின்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள்.

அடுத்து அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நாட்டு வேளாண்மைத் துறை, பாக்டீரியாவைப் பஞ்சில் உலர்த்தி விவசாயிகளுக்குத் தபாலில் அனுப்பியது. பலருடைய வயலில் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் என்ன? பஞ்சு காய்ந்தது, கூடவே பாக்டீரியாவும் செத்தது. நல்ல பாக்டீரியா இருந்தால் போதாது, அதற்கு ஈரமும் நிழலும் உள்ள வீடு வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு சதுப்பு நிலத்துக் கரித்தூள் நல்ல வீடு என்று கண்டார்கள். நம்ம பக்கத்தில் அது அதிகம் கிடையாது. தமிழ்நாட்டுக்குக் கை கொடுத்தது நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. அதைத் தூளாக்கி, புளிப்பை மாற்றச் சுண்ணாம்புத்தூள் கலந்து, சூடேற்றிச் சுத்தம் செய்து, பாக்டீரியாவைச் சேர்த்து, 200 கிராம் பாக்கெட்டாகப் போட்டார்கள். 2006-ல் உயிர் உரமும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தது. தூள் உரத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டும் என்று விதித்தார்கள்.

இன்னொரு வீடும் உண்டு. மாத்திரை டப்பாவுக்குள் சின்னப் பொட்டலம் போடுகிறார்களே, அந்த சிலிகா. நெல் தோகை கையை அறுப்பதும் இந்த சிலிகாவால்தான். உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி இதுவே. சிலிகாவைக் கரைத்துப் பக்குவமாகப் புளிப்புச் சேர்த்தால் களி போல உறையும். 1891-லேயே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி, மண்ணிலுள்ள பாக்டீரியாவைப் பிரிக்க இந்தக் களியைத் தட்டில் ஊற்றிப் பயன்படுத்தினார். 1989-ல் இத்தாலிய விஞ்ஞானிகள் ஈஸ்ட்டை உயிரோடு சிலிகாவுக்குள்ளேயே அடைத்துக் காட்டினார்கள். பின்னர் பாக்டீரியாவையும் அப்படி அடைத்தார்கள். களியிலுள்ள துளைகள் மிக நுண்ணியவை. தண்ணீரும் சத்தும் போய் வரும், பாக்டீரியா வெளியே வராது. ஆனால் களி காயும்போது சுருங்கி உள்ளே இருப்பதை நசுக்கிவிடும். அந்தப் பழைய பஞ்சுத் தொல்லை இங்கேயும் விடவில்லை, பாருங்கள்!

ஆகவே, பாக்கெட் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலிலோ, யூரியா, பூச்சிமருந்து பக்கத்திலோ வைக்காதீர்கள். இரண்டரை ஏக்கர் விதைக்கு 3 பாக்கெட் போதும். ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதையுங்கள். பூஞ்சாண மருந்து கலப்பதானால் அதை முதலில் கலந்து, 24 மணி நேரம் விட்டு இதைக் கலக்க வேண்டும். காசு கொடுத்து வாங்குவது கரித்தூளை அல்ல, அதற்குள் இருக்கும் உயிரை. அதைக் காப்பாற்றுவது கடைசியில் நம்ம கையில்தான் இருக்கிறது.