பானெட்டுக்குள் வயர் எங்கே?

பிள்ளைகள் ஒட்டும் பிளாஸ்டிக் கார் மாடலின் பானெட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சின் இருக்கும், வயர் பெரும்பாலும் இருக்காது. நிஜக் காரில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளக் வயர், 24-இல் ஒரு பங்காகச் சுருங்கினால் 0.3 மில்லிமீட்டர்தான். அதை அச்சில் வார்ப்பது கடினம்.

1949-இல் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ், டிராக்டர் விற்பவர்கள் காட்டுவதற்காக ஃபெர்குசன் மாடலைச் செய்தது. பிறகு அதுவே உதிரிபாகங்களாகக் கடைக்கு வந்தது. இத்தகைய மாடல்களில் பாகங்களைத் தாங்கிவரும் குச்சி வெறும் குப்பை. மாடல் பிரியர்கள் அதை மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி இழுத்தார்கள். தலைமுடி போல நூல் வந்தது! (பெரியவர் துணையோடு செய்யச் சொல்லுங்கள்.) ஆனால் வளைத்தால் ஒடிந்தது. அதற்குச் செப்புக் கம்பிதான் கைகொடுத்தது.

பழுதான இயர்போனுக்குள்ளும் அது உண்டு. மின்கழிவுப் பெட்டியில் போடுமுன் உங்கள் பிளாக் பிள்ளைகளைக் கேளுங்கள்.