கப்பல் டிக்கெட்டிலிருந்து அறுநூறு வெள்ளி வரை

2020 ஜூலை மாதம் எனக்கு வேலை போனது. முதல் வேலை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தொழிற்சாலை, பதினேழு மாதம் இருந்திருப்பேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா அப்பாவுக்கு முன்னால் பாட்டிதான் வாயைத் திறந்தார். "பெனிபிட் குடுப்பாங்களா?" சொக்சோவில் இப்போது வேலை காப்புறுதி இருக்கிறது, ஆறு மாதம் வரைக்கும் காசு வரும் என்றேன். எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. "எப்போ குடுப்பாங்க?" என்றுதான் கேட்டார்.

அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை இல்லாத மாதங்களில் படிப்பதற்கு நிறைய நேரம் இருந்தது. தொழிலாளர் சட்டங்களையும் தோட்ட வரலாற்றையும் மாறி மாறிப் படித்தபோது பாட்டியின் கேள்வி வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. எவ்வளவு என்பதைச் சட்டத்தில் எழுதிவிடலாம். அது கையில் வந்து சேரும்வரை உள்ள நாட்களை யார் சுமப்பது? நூறு வருடமாக இந்த நாட்டில் அதைச் சுமந்தவர் வேலையை இழந்தவர்தான்.

1930களில் இருந்து தொடங்க வேண்டும். 1925-ல் ராத்தல் ஒரு வெள்ளிக்கும் மேலே விற்ற ரப்பர், 1932-ல் பத்து காசுக்கும் கீழே போய்விட்டது. உலகப் பொருளாதார வீழ்ச்சி. மலாயாவின் தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன, மிச்சம் இருந்தவர்களின் கூலியை வெட்டின. முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்த நாள்கூலி முதலில் 40, 32 ஆனது. பிறகு அதற்கும் கீழே இறங்கியது. 1930-ல் கங்காணி முறையில் ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

வேலை போனவர்களுக்கு என்ன கிடைத்தது? கப்பல் டிக்கெட்.

1907-லிருந்து இந்தியர் குடிநுழைவு நிதி என்று ஒன்று இருந்தது. தென்னிந்தியத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்த முதலாளிகள் எல்லாரும் அதில் வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்களைப் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். விலை சரிந்ததும் அதே நிதி அதே ஆட்களைத் திருப்பி அனுப்பப் பயன்பட்டது. லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அப்படி ஊர் திரும்பினார்கள். ஒரு பொறியாளராகப் பார்த்தால் மிகத் திறமையான ஏற்பாடு. ஒரே குழாய், இரண்டு பக்கமும் ஓடும். தேவைப்படும்போது இந்தப் பக்கம் திறக்கலாம், தேவைப்படாதபோது அந்தப் பக்கம். 1934-ல் விலை கொஞ்சம் ஏறியதும் மறுபடியும் இந்தப் பக்கம் திறந்தார்கள். மனிதர்களைத் தண்ணீராக நினைத்துக்கொண்டால் இதில் ஒரு குறையும் இல்லை.

வேலை இல்லாதவர் கையில் வாரா வாரம் காசு கொடுக்கும் யோசனையே அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது என்று நாம் நினைக்கக்கூடும். நானும் நினைத்தேன். தவறு. இங்கே ஆட்சி செய்த அதே பிரிட்டன் தன் நாட்டில் 1911-லேயே வேலையின்மைக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. முதலில் கட்டுமானம், கப்பல் கட்டுதல், பொறியியல் போன்ற சில தொழில்களுக்கு மட்டும். வாரம் 7 ஷில்லிங், வருடத்துக்கு அதிகபட்சம் 15 வாரம். 1920-ல் இன்னும் பல தொழில்களுக்கு விரிந்தது. 1931-ல் அங்கேயும் நிதி நெருக்கடி வந்து உதவித்தொகையை 10 விழுக்காடு குறைத்தார்கள். வீட்டில் என்ன இருக்கிறது, யார் சம்பாதிக்கிறார்கள் என்று அதிகாரிகள் வந்து விசாரித்த பிறகே பலருக்குக் காசு கிடைத்தது. அந்த விசாரணையின் அவமானத்தை அந்த நாட்டுத் தொழிலாளர்கள் வெகுகாலம் மறக்கவில்லை. ஆனாலும் அங்கே சண்டை தொகையைப் பற்றியது, தாமதத்தைப் பற்றியது. மலாயாவில் அப்படி ஒரு தொகையே கிடையாது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனிலும் விவசாயத் தொழிலாளர்களை 1936 வரைக்கும் அந்தக் காப்புறுதியில் சேர்க்கவில்லை. அதனால் மரம் சீவுகிறவரை இங்கிலாந்தில் கொண்டுபோய் வைத்திருந்தாலும் 1932-ல் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. மண்ணில் வேலை செய்கிறவருக்கு எப்படியும் சாப்பிட ஏதாவது இருக்கும் என்பது அங்கேயும் ஆட்சியாளர்களின் நினைப்பு. இங்கே அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இவனுக்கு இந்தியாவில் ஒரு கிராமம் இருக்கிறது, அங்கே போய்விடுவான். அந்தக் கிராமத்தில் நிலம் இருக்கிறதா, கடன் இருக்கிறதா, அண்ணன் தம்பி சேர்த்துக்கொள்வார்களா என்பதெல்லாம் நிதியின் கணக்கில் வராத விஷயம்.

சயாம் மரண ரயிலைப் பற்றி நம்மிடம் நாவல்கள் இருக்கின்றன. ஜப்பான்காரன் காலம் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 1930களில் பினாங்கில் கப்பல் ஏறித் திரும்பிப் போனவர்களை என் வாசிப்பில் நான் அதிகம் பார்க்கவில்லை. போனவர்கள் போய்விட்டார்கள், இங்கே இருந்து எழுத ஆளில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். திரும்பி வந்தவர்கள் இருந்தார்களே?

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1951-ல் ஊழியர் சேமநிதி வந்தது. அது முதுமைக்கு. ஐம்பதுகளில் வெள்ளைக்கார கம்பெனிகள் தோட்டங்களை விற்றன, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். இந்தத் தோட்டத் துண்டாடலைப் பற்றி உங்கு அசிஸ் ஆய்வு செய்து எழுதினார். துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதனால்தான். தொழிலாளர்களே மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்தை வாங்குவது. வேலை போவதற்கு நஷ்டஈடு கேட்பதைவிட வேலையையே விலைக்கு வாங்கிவிடுவது என்ற அந்த யோசனை எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அடுத்து 1969. முந்தைய வருடம் வந்த சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம். சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டத்தில் இருபது, முப்பது வருடம் வேலை செய்தவர்கள் ஒரே நாளில் வெளிநாட்டுக்காரர்கள் ஆனார்கள். சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனதாகச் சொல்லப்படுகிறது. மறுபடியும் கப்பல்.

இருந்தவர்களுக்கு 1980-ல் ஒரு விதிமுறை வந்தது. பாட்டி 'பெனிபிட்' என்று சொன்னது இதைத்தான். ஆட்குறைப்பு செய்தால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவை என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். வேலை முடிந்த 7 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஏழு நாள். விதிமுறையில் தெளிவாகவே எழுதியிருக்கிறது.

பாட்டியின் தோட்டம் 1996-ல் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. அவர் 1972-லிருந்து பால்வெட்டு. 24 வருடம், வருடத்துக்கு 20 நாள், ஆக 480 நாள் சம்பளம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் சம்பளம் என்பது எது? கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் உண்மையாகவே வாங்கியதன் சராசரி என்கிறது விதிமுறை. விற்கப்போகிற தோட்டத்தில் கிழட்டு மரங்களை யாரும் மாற்றி நடமாட்டார்கள். பால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும். மழை மாதங்கள் வேறு. ஆக, 24 வருட உழைப்புக்கான விலையை அவருடைய ஆக மோசமான வருடம் முடிவு செய்தது. சராசரி 16 வெள்ளி வந்தது. 480-ஐ 16-ஆல் பெருக்கினால் 7,680 வெள்ளி. அன்றைக்கு ஒரு மலிவு விலை வீட்டின் விலை 25,000 வெள்ளி.

விதிமுறையை எழுதியவர்களுக்குத் தெரியாமல்போனது ஒன்று உண்டு. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். லயம் நிர்வாகத்துடையது. ஆயாக் கொட்டகை, கோயில், தண்ணீர், எல்லாம் அதோடு சேர்ந்தது. ஏழு நாளில் காசு கொடுக்க வேண்டியவனிடமே வீட்டுச் சாவியும் இருந்தால் யார் யாருக்காகக் காத்திருப்பார்கள்? "வீட்ட காலி பண்ணிட்டு வந்து காச வாங்கிக்கோன்னு சொன்னாங்க. காசு வந்தாத்தானே வீடு பாக்க முடியும்னு நாங்க சொன்னோம். அப்படியே அஞ்சு மாசம்" என்பார் பாட்டி. கடைசியில் இரண்டு தவணையாக வந்தது. அந்த ஐந்து மாதத்தில் தாத்தா அடகு வைத்த சங்கிலிக்கும், சீனன் கடைப் பற்றுக்கும், பஞ்சாயில் ஒரு அறை வாடகைக்கும் முதல் தவணை சரியாகப் போனது. லேபர் ஆபீசில் புகார் கொடுத்திருக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "அதுக்குக் கோலாலங்காட் டவுனுக்குப் போவணும். ஒரு நாள் கூலி போயிரும்" என்றார். வேலையே இல்லாதபோது என்ன கூலி? வேலை போன அடுத்த வாரமே பக்கத்துத் தோட்டத்தில் காண்டிராக்டில் புல் வெட்டப் போய்விட்டார். காத்திருக்க முடியாதவர்களால் வழக்கும் போட முடியாது.

இந்த ஏற்பாட்டின் அடிப்படைப் பிழை 1998-ல் நாடு முழுக்கத் தெரிந்தது. ஆசிய நிதி நெருக்கடி. அந்த ஒரு வருடத்தில் 80,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆட்குறைப்பு செய்யப்பட்டார்கள். ஆட்குறைப்பு நஷ்டஈட்டைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. ஆட்குறைப்பு நடப்பதோ முதலாளியிடம் காசு இல்லாதபோது. கம்பெனி மூழ்கும்போதுதான் உயிர்காப்புப் படகு வேண்டும், ஆனால் படகைக் கம்பெனியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மாணவன் இப்படி ஒரு வடிவமைப்பைக் கொண்டுவந்தால் எங்கள் விரிவுரையாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார். கம்பெனிக்கு வெளியே ஒரு பொது நிதி வேண்டும் என்று தொழிற்சங்க காங்கிரஸ் அப்போதே கேட்டது. வந்தது 2018 ஜனவரி 1. ஏறக்குறைய இருபது வருடம்.

வந்த கதையையும் சொல்ல வேண்டும். 2017-ல் மசோதா முதலில் வந்தபோது தொழிலாளி 0.5 விழுக்காடு, முதலாளி 0.5 விழுக்காடு கட்ட வேண்டும் என்று இருந்தது. முதலாளிகள் சம்மேளனம் எதிர்த்தது, சுமை தாங்க முடியாது என்றது. மசோதாவைத் திரும்பப் பெற்று 0.2, 0.2 என்று குறைத்துக் கொண்டுவந்தார்கள். மூவாயிரம் வெள்ளி சம்பளத்துக்கு முதலாளியின் சுமை மாதம் சுமார் 6 வெள்ளி. ஒரு பார்சல் நாசி லெமாக்கும் ஒரு தே தாரிக்கும் அதற்குள் அடங்கிவிடும்.

முதல் வருடத்தில் சந்தா சேர்ந்திருக்காது என்பதால் இடைக்கால உதவியாக மாதம் 600 வெள்ளி, மூன்று மாதம் வரை. அப்போது தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளி. 600-ஐக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை போனவருக்கு ஊருக்குப் போக டிக்கெட்டும் இல்லாமல், பழைய முதலாளியின் தயவும் இல்லாமல், இருக்கிற இடத்திலேயே மாதாமாதம் காசு கிடைக்கும் என்று இந்த நாடு சொன்னது அதுதான் முதல் தடவை.

முழுத் திட்டத்தில் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30. என் 2,800 வெள்ளிச் சம்பளத்துக்கு 2,240-இல் தொடங்கி 840-க்கு இறங்கும். கார் கடன் மட்டும் 80, 50, 40 என்று இறங்காது. சீக்கிரம் வேலை தேடு என்று முதுகில் தள்ளுவதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கலாம், ஊர் முழுக்கக் கதவு மூடியிருந்த 2020-ல் எந்தப் பக்கம் தள்ளுவது என்பதுதான் கேள்வி. அந்த வருடம் வேலை இழந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள்.

எனக்கு வந்த சிக்கல் தொகையில் இல்லை. எங்கள் பிரிவில் பதினோரு பேரைக் கூப்பிட்டு, நீங்களே ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், நல்ல சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். சட்டப்படி, தானாக விலகியவருக்குக் காப்புறுதி கிடையாது. கட்டாயப்படுத்தித்தான் எழுத வைத்தார்கள் என்றால் அதை எழுதியவரே நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்க வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம். நான் எழுத மறுத்தேன். துணிச்சல் இல்லை, பாட்டியின் ஏழு நாள் கதை ஞாபகத்தில் இருந்தது. பணிநீக்கக் கடிதம் கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. தினமும் காலண்டரைப் பார்த்து 60-லிருந்து கழித்துக்கொண்டிருந்தேன். கடிதம் வந்த பிறகு விண்ணப்பித்தேன், பணம் வந்தது. எழுதிக் கொடுத்த ஆறு பேருக்கு வரவில்லை. அதில் ஒருவர் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், என்னைவிட எட்டு வருடம் சீனியர். கடிதத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதியிருந்தார். வேலை ஏன் போனது என்பதை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறதோ, காசை நிறுத்தி வைக்கும் வழியும் அவரிடமே இருக்கிறது.

பாட்டியிடம் வங்கிக் கணக்கைக் காட்டினேன். கடிதம் வந்ததும் சொல்லவில்லை, காசு ஏறியதும்தான் சொன்னேன். எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டார். மொத்தம் ஏழு வாரம் என்றேன். "பரவால்ல" என்றார்.

எங்கள் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையில் நேப்பாளத்து ஆட்கள் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே வாரம்தான் வேலை போனது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இந்தக் காப்புறுதியில் இல்லை. கணக்கு முடித்து, விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அப்போது விமானம் ஓடவில்லை. என் கடிதத்தை வாங்கப் போன அன்று ஹாஸ்டல் வாசலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருவன் கையை ஆட்டினான். உனக்கு எப்போ என்று மலாய் மொழியில் கேட்டேன்.

"பெலும் தாவு" என்றான். இன்னும் தெரியாது.