மந்தத்திலிருந்து நிமிடக் கணக்கு வரை: ‘லேட்’

‘லேட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் கடிகாரத்துக்கும் ஆதியில் உறவு இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அதன் மூலவடிவம் மெதுவான, மந்தமான, சோம்பலான என்ற பொருளையே முதன்மையாகத் தந்தது. அது ஆளின் இயல்பைச் சொன்ன சொல். மெதுவாக நடப்பவர் பிந்தியே வந்து சேர்வார். அந்த வழியில் பொருள் நகர்ந்து, ‘உரிய நேரம் கடந்த’ என்பது நிலைத்தது. தமிழில் ‘தாமதம்’ வந்த பாதையும் இதுவே. மந்தத்தையும் சோம்பலையும் குறிக்கும் தாமத குணத்தின் பெயர்தான் காலம் கடப்பதற்கும் பெயரானது.

‘லேட்’டின் உறவுச் சொற்கள் எதிர்பாராத இடங்களில் கிடைக்கின்றன. கடைசி என்று பொருள்படும் ‘லாஸ்ட்’ அதன் உச்சநிலை வடிவம். எல்லோருக்கும் பிந்தி வந்தது எதுவோ, அது. தடை என்ற பொருளில் வழங்கிய பழைய ‘லெட்’டும் இதே வேரிலிருந்து வந்தது. ஒருவரை மெதுவாக்குவது அவரைத் தடுப்பதுதானே. இந்தியக் கடவுச்சீட்டின் முதல் பக்க வேண்டுகோளில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மிக அழகான கதை ‘பிலேட்டட்’ என்பதற்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அது, பொழுது சாய்வதற்குள் ஊர் சேர முடியாமல் வழியிலேயே இருட்டில் அகப்பட்டுக்கொண்ட பயணியைக் குறித்தது. இன்று நாள் கடந்து சொல்லும் பிறந்தநாள் வாழ்த்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சொல்லுக்குள் ஓர் இரவின் அச்சம் புதைந்து கிடக்கிறது.

மறைந்தவரைக் குறிக்கும் ‘லேட்’ 15ஆம் நூற்றாண்டு வழக்கு. ‘அண்மைக்காலம் வரை இருந்த’ என்ற கருத்தில் பிறந்தது அது. தமிழ்நாட்டுத் திருமண அழைப்பிதழ்களில் காலமான தாத்தாவின் பெயருக்கு முன்னால் அச்சாவது அந்த ‘லேட்’தான்.

அமெரிக்கப் பள்ளிகளில் பிந்தி வரும் மாணவரைக் குறிக்கும் ‘டார்டி’, பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். மெதுவான என்பதே அதற்கும் மூலப்பொருள்.

இத்தனை காலமும் லேட் என்பதை அளந்தவை சூரியனும் கோயில் மணியும்தான். நிமிடக் கணக்கை எல்லோருக்கும் பொதுவாக்கியது ரயில். பிரிஸ்டல் நகரில் லண்டனுக்குச் சுமார் 10 நிமிடம் பிந்தியே உச்சிப்பொழுது வரும். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840 நவம்பரில் லண்டன் நேரத்தை ஏற்றது. அதன்பின், உள்ளூர்க் கடிகாரத்தை நம்பிச் சரியாக நிலையத்துக்கு வந்தவரும் ரயிலைத் தவறவிட்டார். அவர் சோம்பேறி அல்ல, மெதுவாக நடக்கவும் இல்லை, ஆனாலும் லேட். சொல் தன் பழைய பொருளிலிருந்து முற்றிலும் அறுபட்டது இங்கேதான். நகரின் எக்ஸ்சேஞ்ச் கட்டடக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்துக்கு ஒன்று, லண்டன் நேரத்துக்கு ஒன்று என இரண்டு நிமிட முட்கள் ஓடின. 1852இல் பிரிஸ்டல் லண்டன் நேரத்துக்கு இணங்கியது. 1880இல் கிரீன்விச் நேரம் பிரிட்டன் முழுவதற்கும் சட்டமானது.

அடுத்த திருப்பம் தொழிற்சாலையில். 1888இல் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் வில்லார்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர், தொழிலாளி உள்ளே நுழையும் நேரத்தைத் தாளில் பதிக்கும் கடிகாரத்தை உருவாக்கினார். லேட் என்பதைக் கண்காணிப்பாளர் பார்த்துச் சொன்ன காலம் போய், இயந்திரமே எழுதிவைக்கும் காலம் வந்தது.

ரயில் நேரத்தின் கதை இந்தியாவிலும் உண்டு. இங்கே பெரும்பாலான ரயில்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓடியது மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தின் நேரப்படி. 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் வந்தபோது, மெட்ராஸ் கடிகாரங்களைச் சுமார் 9 நிமிடம் முன்னே தள்ள வேண்டியிருந்தது.